நோட்டுப் புத்தகத்தில் நத்தை

திருவையாறு சாலையில், வாய்க்கால் மதகை ஒட்டி ஒரு டீக்கடை. ஐப்பசி மாதம். நடவு முடிந்த வயலில் தண்ணீர் நிற்கிறது. பெஞ்சின் ஒரு முனையில் நான். மறுமுனையில் சமூகவியல் ஆய்வு மாணவி ஒருத்தி, மடியில் நோட்டு. எதிரே குந்தியிருக்கும் கிழவியின் அலுமினியச் சட்டி நிறைய நத்தை.

"இத எப்படி ஆயா சமைப்பீங்க?"

"நத்தையப் போயா எழுதுற பாப்பா?" சிரித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறாள். வேக வைக்கணும். முள்ளால சதையக் கெல்லி எடுக்கணும். வழவழப்புப் போக உப்புப் போட்டுத் தேய்ச்சு, நாலு தண்ணி அலசணும். அப்புறம் சின்ன வெங்காயம், மிளகு. மூலச்சூட்டுக்குக் கேக்கும். "வயலுக்கு மருந்து அடிக்க ஆரம்பிச்சப்புறம் எங்க கிடைக்குது, நண்டும் இல்ல, நத்தையும் இல்ல."

பேனா நிற்கவில்லை. டீ ஆற்றுகிறவர் கவனிக்காதது மாதிரி கவனிக்கிறார்.

"கூலி அப்பல்லாம் நெல்லாவா ஆயா?"

"நெல்லுதான். பதரும் சேத்துத்தான்."

இந்தப் பதிலையும் எழுதிக்கொள்கிறாள். கெட்டிக்காரப் பெண். தஞ்சாவூரில் சோற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கூலி நெல்லில் வந்து நிற்காமல் முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்ததும் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட தகராறுதான்.

சமூகவியலாளர்களுக்கு இந்த மண் பழகியது. கேத்லீன் கஃப் 1951இல் வந்தார். அவர் இங்கே இருக்கும்போதே, 1952இல், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் மறுபடி வந்து பார்த்தார். ஆந்த்ரே பெத்தேய் வந்தது 1961இல். சந்தன்நகரில் பிறந்தவர், அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா வங்காளி. தான் ஆராய்ந்த ஊரின் பெயரை மறைத்து 'ஸ்ரீபுரம்' என்று புத்தகத்தில் எழுதினார். 1965இல் வந்த அந்தப் புத்தகத்தை இன்றைக்கும் பாடமாகப் படிக்கிறார்கள். அவர் தங்கியது அக்ரஹாரத்தில், பிராமணர் வீட்டில். அதனாலேயே சேரி தனக்குச் சரியாகத் திறக்கவில்லை என்பதை அவரே சொல்லிவிட்டார். எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எந்த வீட்டு அடுப்பு கண்ணில் படும் என்பதும். ஒப்புக்கொண்டாரே, அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

நம்மவர்கள் அதைக்கூடச் சொல்வதில்லை. தஞ்சாவூர்ச் சாப்பாடு என்றால் கும்பகோணம் கடப்பா, டிகிரி காப்பி, திருவையாற்று அசோகா. எல்லாம் ருசிதான், நானும் விடுவதில்லை. சாம்பார் மராட்டியர் அரண்மனையில் பிறந்த கதையைச் சொல்லவும் ஆள் உண்டு. சரபோஜி காலத்து அரண்மனைச் சமையலுக்குச் 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்று ஏடே இருக்கிறது, சரஸ்வதி மகாலில். நாற்று நட்டவர்கள் வரப்பில் பொறுக்கித் தின்றதற்குத்தான் ஏடு இல்லை.

மாணவி எழுந்து காசு கொடுத்து ஒரு படி நத்தை வாங்குகிறாள். கிழவி இன்னும் ஒரு கை அள்ளிப் போடுகிறாள்.

உங்கள் வீட்டில் நடவு நட்ட, களை பறித்த கிழவி யாராவது இருந்தால், அவள் சட்டியில் என்னென்ன வெந்தது என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.