வலிக்காத புண்

சில வருடங்களுக்கு முன்புவரை, பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் மாநில அளவில் முதலிடம் பிடித்தவர்களின் படம் பத்திரிகையில் வரும். அம்மா இனிப்பு ஊட்டிக்கொண்டிருப்பார். கீழே ஒரு வரி: டாக்டராகி ஏழைகளுக்குச் சேவை செய்வேன். 2017இல் ரேங்க் அறிவிப்பை அரசு நிறுத்தியதும் படங்கள் போய்விட்டன, அந்த வரி போகவில்லை. நீட் பயிற்சிக்குக் கிளம்பும் சொந்தக்காரப் பிள்ளைகள் இன்னும் அதைத்தான் சொல்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பதினேழு வயதில் ஏன் டாக்டர் என்ற கேள்வி வந்தால், கைக்கு எட்டிய பதிலைத்தானே எடுத்துக் கொடுக்க முடியும்?

என்னை யாரும் கேட்கவில்லை. மார்க் இருந்தது. கலந்தாய்வில் எந்தக் கல்லூரி வேண்டும் என்றார்கள், சொன்னேன். ஏன் டாக்டர் என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன். என் காரணத்தில் சேவை இல்லை, கோபம்தான் இருந்தது.

அப்பத்தாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை. ஒருநாள் அடுப்படியில் சிதறிக் கிடந்த கங்கை மிதித்துவிட்டாள். மிதித்ததே அவளுக்குத் தெரியவில்லை, கொப்புளத்தைப் பார்த்துச் சொன்னது நான்தான். "வலிக்கவே இல்லடி" என்று தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு களையெடுக்கப் போய்விட்டாள். சில வாரத்தில் கால் கறுத்தது. மருத்துவமனையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, கூட வந்த மாணவர்களிடம் நெடுநேரம் ஆங்கிலத்தில் பேசினார். எங்கள் பக்கம் திரும்பி, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார். ஏன் என்று அப்பா கேட்டதற்குக் கிடைத்த பதில், "சுகர்." வலிக்காத புண்ணுக்கு எதற்காகக் காலை எடுக்கிறார்கள்? வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பெரியப்பா செய்வினை என்றார். அந்த மாணவர்களிடம் டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நான் மருத்துவம் படிக்கப் போனது அதற்காகத்தான்.

விடை பாடப்புத்தகத்தில் இருந்தது. பல வருடம் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் நரம்புகள் கெடும். மிக நீளமான நரம்புகள் முதலில் கெடும், அதனால் பாதம் முதலில் மரக்கும். ரத்தக்குழாயும் சுருங்குவதால் புண் ஆறுவதற்கான ரத்தம் போய்ச் சேராது. வலி இருந்தால் நாம் நொண்டுவோம், அந்தக் காலுக்கு ஓய்வு கிடைக்கும். வலி இல்லாதவர் புண்ணின் மேலேயே நடப்பார். வலிக்கவில்லை என்று அப்பத்தா சொன்னதுதான் நோயின் முக்கியமான அறிகுறி. இதைத் தமிழில் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும்.

இதைப் படிக்கும்போதுதான் பால் பிராண்டைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 1914இல் நம் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். அப்பா நோயாளிகளின் புண்ணைக் கழுவுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, ரத்தமும் சீழும் பிடிக்காமல் டாக்டர் வேலையே வேண்டாம் என்று இங்கிலாந்தில் கட்டட வேலை கற்றுக்கொண்டார். பிறகு மனம் மாறி, லண்டனில் மருத்துவம் படித்து 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதாக ஊர் நம்பிய காலம் அது. உணர்ச்சி போன கையும் காலும் சூட்டிலும் காயத்திலும் திரும்பத் திரும்பச் சிதைவதே காரணம் என்று அவர் கூடவே இருந்து பார்த்துச் சொன்னார். பின்னாளில் அமெரிக்காவில் அதே அறிவைச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பயன்படுத்தினார். மரத்த பாதங்களுக்கு இன்று நாங்கள் எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பின் வரலாறு தேடிப்போனால் வேலூரில்தான் போய் நிற்கும்.

அதே சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை எல்லாருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில், பிரசவத்தில் தவித்த மூன்று பெண்களுக்காக ஐடாவின் வீட்டுக்கு ஆள் வந்தது. ஆண் டாக்டர் வேண்டாம் என்று வீட்டார் மறுத்ததால் மூவரும் இறந்தார்கள். ஐடா மருத்துவம் படிக்கப் போனார். பெரிய கதைதான். ஆனால் எல்லாருக்கும் ஒரே இரவில் காரணம் வந்துவிடும் என்று பிள்ளைகள் இதைப் படித்து நினைத்துக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். பிராண்டைப் போல ஓடிப்போய்த் திரும்பி வந்தவர்களும் உண்டு.

இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் காலைக் காட்டச் சொன்னால் பாதிப்பேர் காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். "டாக்டரம்மா, நீங்க போயி என் காலத் தொடவா? வேணாந் தாயி." சேறு, பித்தவெடிப்பு, கூச்சம். நான் பேத்தி மாதிரிதானே, தொட்டால் ஆசீர்வாதம் பண்ணுங்க என்பேன். சிரித்துக்கொண்டே நீட்டுவார்கள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, அது வளையும் வரை அழுத்த வேண்டும். வளைகிறபோது பத்து கிராம் அழுத்தம். பட்டதா என்று கேட்க வேண்டும். கண்ணை மூடியபடியே "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்பவர்கள்தான் என்னைப் பயமுறுத்துவார்கள். கருவி இல்லாமலேயே சிலர் சொல்லிவிடுவார்கள்: செருப்பு கழன்றது தெரியாமல் பஸ் ஸ்டாப் வரை நடந்தேன் என்று.

பிறகுதான் பேச்சு. வெந்நீரில் காலை வைக்கும் முன் முழங்கையால் சூடு பாருங்கள், செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள், ராத்திரி கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். இதெல்லாம் சுலபம். தையில் பழனிக்குப் பாதயாத்திரை, பூக்குழி நேர்ச்சை என்று வரும்போதுதான் கஷ்டம். கால் மரத்தவரிடம் போகாதே என்றால் சாமிக்கும் டாக்டருக்கும் சண்டை மூட்டிவிட்டது போலாகும், அதில் நான் தோற்பேன். முடிகாணிக்கையாக மாற்றிக்கொள்ளச் சொல்வேன். பாதயாத்திரைதான் என்று நின்றால், எம்.சி.ஆர். செருப்போடு போங்கள், தங்குமிடம் ஒவ்வொன்றிலும் கூட வருகிறவரை உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள் என்பேன். பூக்குழிக்கு மட்டும் சம்மதிக்கவே மாட்டேன். கேட்காமல் இறங்கியவர்களும் உண்டு.

ஓ.பி.யில் நூறு பேர் நிற்கும்போது இந்த இரண்டு நிமிடம் எங்கிருந்து வரும் என்று பயிற்சி டாக்டர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மாத்திரை எழுதும் நேரத்தை நர்ஸும் நானும் பிரித்துக்கொள்கிறோம், வரிசையில் நிற்கும்போதே செருப்பைக் கழற்றி வைக்கச் சொல்லிவிடுகிறோம். அப்படியும் சில நாள் முடியாது. அந்த நாட்களில் பத்து வருடத்துக்கு மேல் சர்க்கரை உள்ளவர்களின் காலை மட்டும் பார்ப்போம், மற்றவர்களுக்கு அடுத்த மாதச் சீட்டில் 'கால்' என்று சிவப்பில் எழுதிக் கொடுப்போம்.