பாட்டில்லாத ஆட்டம்!

லீவு கிடைத்தால் மதுரைக்காரர்கள் கொடைக்கானலுக்குப் பஸ் பிடிப்பார்கள். நான் போடிக்கு ரயில் பிடித்தேன். 2010 கடைசியில் மீட்டர் கேஜை மூடி, அகல ரயில் போடி வந்து சேர 2023 ஜூன் ஆகிவிட்டது. நம்ம ஆபீஸ் ஃபைலே தேவலை!

ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் காற்று மாறுகிறது. போடியில் இறங்கினால் ஏலக்காய் வாசனை. ஏலக்காயை ஏலம் விடும் ஊராச்சே!

போடி ஜமீன் அரண்மனைச் சுவர்களில் 19-ம் நூற்றாண்டு ராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. டிக்கெட் வாங்கி நுழைகிற மியூசியம் அல்ல. அனுமதி கேட்டுத்தான் பார்க்க வேண்டும். ஜமீன் குடும்பம் ராஜகம்பளத்து நாயக்கர் வம்சம். கட்டபொம்மனும் அதே சமூகம்தான். அவர்களுடைய இன்னொரு கலைக்குச் சுவரே கிடையாது. அதுதான் தேவராட்டம்.

2019-ல் இந்தப் பெயரில் ஒரு சினிமா வந்ததே, அதில் அருவாள்தான் அதிகம் ஆடியது. அசலைப் பார்க்க, பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போனேன். சாயங்காலம், கோயில் திடலில் திருவிழாவுக்கு ஒத்திகை. தலைப்பாகை, காலில் சலங்கை, இரண்டு கையிலும் துணி. உறுமி மாதிரி இருக்கும் தேவதுந்துபி முதலில் மெதுவாக முனகுகிறது. கால்கள் நிதானமாக எட்டு வைக்கின்றன. அப்புறம் வேகம் ஏற ஏற, குனிந்து, சுழன்று, துணியை உதறி... பார்க்கிற நமக்கு மூச்சு வாங்குகிறது!

பாட்டு? ஒரு வரி கூடக் கிடையாது. எல்லாம் அடவுதான்.

"பாட்டு இருந்தா எழுதி வெச்சுக்கலாம் தம்பி. இது கால்லல்ல இருக்கு! ஆடுறவன் ஊரை விட்டுப் போனா, அடவும் கூடவே போயிடும்" என்றார் திண்ணையில் இருந்த பெரியவர். அந்தக் காலத்தில் முப்பது பேர் நின்ற வரிசையாம். அன்றைக்கு எண்ணினேன், ஒன்பது பேர்.

அதில் ஒரு பையன் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. "நாலு நாள் சம்பளம் கட்ணே. இருந்தாலும் வந்துட்டேன்" என்றான். பி.காம். படித்த புத்தி, உடனே மனக்கணக்குப் போட்டது. அவனுக்கு அந்தக் கணக்கு உறைத்த மாதிரியே தெரியவில்லை.

இப்போது பள்ளி, கல்லூரி மேடைகளில் பெண் பிள்ளைகளும் தேவராட்டம் ஆடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பென் டிரைவிலிருந்து வரும் துந்துபிக்கு ஆடுவது, போட்டோவுக்கு மாலை போடுகிற மாதிரிதான் எனக்குப் படுகிறது. ஆடுகிறவன் கால் பார்த்து அடிக்க எதிரே ஆள் வேண்டாமா? பெரியவரிடம் கேட்டேன்.

"யாரு வேணா ஆடட்டும்யா. அடிக்கிறதுக்கு ஒருத்தன் கத்துக்கிறானா பாரு" என்றார்.

துந்துபிக்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும். பக்கத்தில் பத்து வயசு வாண்டு ஒன்று, தகர டப்பாவைக் கவிழ்த்து அவர் கையையே பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தது.

"கம்பத்துல தம்பிரான் மாட்டுத்தொழுவுக்கு மாட்டுப் பொங்கலன்னிக்கு வாங்கண்ணே. ஊரே திரண்டு பட்டத்துக் காளையைக் கும்பிடும். அங்கேயும் தேவராட்டம் உண்டு" என்றான் திருப்பூர் பையன்.

லீவு லெட்டர் இப்போதே எழுதி வைத்துவிட்டேன். காரணம்: காய்ச்சல்!