நான் வாசிக்காத பத்தி

2013ஆம் ஆண்டு சனவரியில் ஒரு ஞாயிறு. கல்வராயன் மலையடிவாரத்திலுள்ள எங்கள் பங்கில், திருப்பலி முடிந்தபின் இறைமக்களிடம் சிறிது பேசுமாறு பங்குத்தந்தை என்னைப் பணித்தார். பிலிப்பைன்சு நாட்டில் அப்போதுதான் நிறைவேறியிருந்த இனப்பெருக்க நலச் சட்டமே பொருள். பல்லாண்டுகள் இழுபட்ட அந்த மசோதாவில் குடியரசுத் தலைவர் பெனிக்னோ அக்கினோ 2012 டிசம்பர் 21 அன்று கையெழுத்திட்டிருந்தார். கத்தோலிக்கர் பெரும்பான்மையாய் வாழும் நாட்டில், அரசே ஏழைகளுக்குக் கருத்தடைச் சாதனங்களை வழங்கவும், பள்ளிகளில் பாலியல் கல்வி தரவும் அச்சட்டம் வழிசெய்தது. கருக்கலைப்பு முன்போலவே குற்றமாக நீடித்தது. அந்நாட்டு ஆயர் பேரவை இறுதிவரை எதிர்த்து நின்றது.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். குறிப்பெடுக்காமல் பேசிப் பழக்கமில்லை. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1968இல் எழுதிய 'ஹூமானே வீத்தே' சுற்றுமடலை இரண்டு இரவுகள் படித்துக் கோடிட்டு வைத்திருந்தேன். இயற்கை முறையின் மேன்மையை நாற்பது நிமிடங்கள் விளக்கினேன். ஆண்கள் பின்வரிசையில் சுவரோரம் நின்றார்கள். பெண்கள் பாயில் அமர்ந்திருந்தார்கள்.

முடிவில் ஒரு பெண் எழுந்தாள். முப்பது வயதிருக்கும், இடுப்பில் கைக்குழந்தை. கணவன் கரும்பு வெட்டும் தொழிலாளி.

"சார், நீங்க சொல்ற நாளையெல்லாம் நான் எண்ணிக்குவேன். எங்க வீட்டு ஆளு சாராயம் குடிச்சிட்டு வர்ற நாளை யாரு சார் எண்றது?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அதைத் தனியாகப் பேசுவோம் அம்மா" என்றேன். பங்குத்தந்தை இறுதிச் செபம் சொன்னார். தனியாகப் பேசுவதற்கு நான் போகவேயில்லை.

அவளுக்கான மறுமொழி என் கையிலேயே இருந்தது என்பதுதான் இன்றளவும் என்னை உறுத்துவது. அதே சுற்றுமடலின் 13ஆம் எண், துணையின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் கருதாமல் திணிக்கப்படும் உறவு உண்மையான அன்பின் செயலன்று என்கிறது. அந்தப் பத்திக்கும் கோடிட்டிருந்தேன். ஆண்கள் நிற்கிறார்களே, முகம் சுளிப்பார்களே என்று பேச்சில் தாண்டிப் போய்விட்டேன். மனைவியை இன்பக் கருவியாக எண்ணும் கணவனைப் பற்றி 17ஆம் எண் அஞ்சுகிறது. கருத்தடை பெருகினால் அந்நிலை வரும் என்பது திருத்தந்தையின் கவலை. எங்கள் ஊரிலோ கருத்தடை எதுவும் இல்லாத வீடுகளிலும் அது வந்து குடியேறியிருந்தது.

நம் நாட்டில் இத்தகைய விவாதம் பொதுமக்களிடையே பெரிதாக நடந்ததேயில்லை. கருக்கலைப்புக்கு இடமளிக்கும் சட்டம் 1971இல் இயற்றப்பட்டு, 1972 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நெருக்கடி நிலையின்போது, 1976-77 ஓராண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்குக் கருத்தடை அறுவை நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அந்தக் கட்டாயத்தின் கசப்பு அரசையே கவிழ்க்கத் துணைசெய்தது. பிறகு அறுவையின் சுமை முழுதும் பெண்கள்மேல் ஏறிக்கொண்டது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை நூற்றுக்கு அரைகூட இல்லை.

அவ்வாண்டே கோடையில், மருந்தகம் நடத்திவந்த ஓர் அருட்சகோதரியுடன் மலைக்குச் சென்றேன். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதை அது. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்த மலை. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து உள்ளே நடக்கும்போது, ஒரு கர்ப்பிணியைப் போர்வையில் டோலி கட்டி நால்வர் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார்கள். முன்கழியைத் தோளில் சுமந்தவன் கணவன்; அழுதுகொண்டே நடந்தான். சகோதரி அவளது நாடியைப் பார்த்துவிட்டு உடன் இறங்கினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

திரும்பும் வழியில் சகோதரியிடம் அந்தப் பெண் கேட்டதைச் சொன்னேன். "நான் முதலில் புருஷனைத்தான் கூப்பிட்டு உட்கார வைப்பேன் சார். பெண்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? அவர்களுக்குத் தெரியும்" என்றார்கள்.

2014 ஏப்ரல் 8 அன்று பிலிப்பைன்சு உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. சில விதிகளை மட்டும் நீக்கியது. மனச்சான்றின்படி மறுக்கும் மருத்துவரைத் தண்டிக்கும் விதி நீங்கியது அறிந்து மகிழ்ந்தேன். துணையின் இசைவின்றி மணமானவர் அறுவை செய்துகொள்ளலாம் என்ற விதியும் நீங்கியது. கணவனும் மனைவியும் கூடி முடிவெடுப்பதே முறை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைப் படித்தபோது அந்தப் பின்வரிசைச் சிரிப்புத்தான் காதில் கேட்டது.

2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அடுத்த ஞாயிறு மறையுரை குடியைப் பற்றியது. அவள் கோயிலுக்குள் இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது பிள்ளைக்குப் பின் அறுவை செய்துகொண்டாளாம்; அன்றுமுதல் நன்மை வாங்க வருவதில்லை என்று பக்கத்து வீட்டம்மாள் சொன்னார். ஒப்புரவு அருட்சாதனத்தின் கதவு அவளுக்குத் திறந்திருப்பதை இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். பங்குத்தந்தை அவளைப் பார்க்க விரும்புவதைச் சொன்னேன், தலையசைத்தாள். கணவன் திண்ணையில் இருந்தான். கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பின் குடிக்கவில்லையாம். அவனை அருகில் அமர்த்தி, பையிலிருந்த பழைய நூலை எடுத்து 13ஆம் எண்ணை மெல்ல வாசித்தேன். பதினோரு ஆண்டுத் தாமதம்.

அவன் நெடுநேரம் தரையைப் பார்த்திருந்தான். "இது ஆம்பளைக்குன்னும் எழுதியிருக்காங்களா சார்?" என்று கேட்டான்.

உள்ளே முறத்தில் அரிசி புடைக்கும் ஓசை நின்றிருந்தது.