உத்தரவாதம்

உலகத்தில் எழுதப்படும் கதைகளுள் மிகச் சாமர்த்தியமான கதை எது என்று என்னைக் கேட்டால், புதுச் சாமானின் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறார்களே, அந்த உத்தரவாதப் பத்திரத்தைத்தான் சொல்வேன். முதல் பத்தியில் கம்பெனி வள்ளலாக வந்து நிற்கிறது. ஒரு வருஷத்துக்கு உங்களுக்கு ஒரு குறையும் வராது, வந்தால் நாங்கள் இருக்கிறோம் என்கிறது. இரண்டாவது பத்தியில் "ஆனால்" என்ற சொல் நுழைகிறது. தண்ணீர் பட்டால் இல்லை. கீழே விழுந்தால் இல்லை. மின்சாரம் கூடிக் குறைந்தால் இல்லை. வேறு யாரேனும் திருகாணியைத் தொட்டிருந்தால் இல்லவே இல்லை. பொடி எழுத்தில் நாலு பக்கம் படித்து முடிப்பதற்குள் வள்ளல் வேஷம் கலைந்து, வக்கீல் நிற்கிறார்.

சென்ற வருஷம் என் லாப்டாப் திடீரென்று உயிரை விட்டது. வாங்கிப் பத்து மாதம்தான் ஆகியிருந்தது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளைஞன் நல்ல பையன். மரியாதையாகத்தான் பேசினான்.

"போர்டு போயிருக்கு சார். வாரண்டி இருக்கு. ஒரு பைசா வாங்க மாட்டோம்."

"சந்தோஷம் தம்பி. உள்ளே எழுதி வைத்திருப்பது?"

"அதுவும் போர்டோட ஒட்டித்தான் சார் இருக்கு. போர்டை மாத்தினா அதுவும் போயிடும். டேட்டாவுக்கு வாரண்டி கிடையாது. இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க."

"அந்தப் பழைய போர்டையாவது கொடுத்துவிடுங்களேன்."

"அது கம்பெனி சொத்து சார்."

என் நாவலின் பிரதி மகளிடம் இருந்தது. ஆகவே எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பையன் சொன்ன தர்க்கம் வீடு வரும் வரையில் மனசை அறுத்துக்கொண்டே வந்தது. பெட்டிக்கு உத்தரவாதம் உண்டு, பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்கு இல்லை. அதையும் கம்பெனியே எடுத்துக்கொள்ளும். நகைப் பெட்டி செய்து விற்ற தச்சன், கீல் உடைந்தது என்று கொண்டுபோனால், வேறு பெட்டி தருகிறேன், பழையதை நகையோடு வைத்துவிட்டுப் போ என்று சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக, 2019-இல் இயற்றிய புதிய சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2022 டிசம்பரில் மத்திய அரசு, பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஒரு வலைவாசலைத் திறந்தது. உரிமை என்ற சொல் அங்கே வந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் உத்தரவாதம் ஒருவர் கொடுப்பது. கொடுத்தவர் திரும்பப் பெறலாம். உரிமை அப்படியல்ல.

இந்த வித்தியாசத்தை எனக்கு நன்றாக விளக்கியது மென்பொருளின் கதைதான்.

1980-ஐ ஒட்டிய வருஷங்களில், அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்துக்கு ஒரு புதிய அச்சு இயந்திரம் வந்தது. அதில் காகிதம் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பழைய இயந்திரத்தில் இந்தத் தொல்லை வந்தபோது, ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் அதன் நிரலைத் திருத்தி, காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் சேதி போகும்படி செய்திருந்தார். புதியதற்கோ நிரலின் மூலத்தைக் கொடுக்கவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்த ஒருவரிடம் போய்க் கேட்டார். யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். இந்தக் கோபம் ஸ்டால்மனை விடவில்லை. 1983-இல் யாரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய மென்பொருள்களை எழுதும் திட்டத்தை அறிவித்தார். 1989-இல் அதற்கான பொது உரிமப் பத்திரமும் வந்தது.

அந்தப் பத்திரத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதிலும், உத்தரவாதம் எதுவும் கிடையாது என்று பெரிய எழுத்திலேயே போட்டிருக்கிறார்கள்! காசு கொடுத்து வாங்கும் மென்பொருளின் ஒப்பந்தமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. பிறகு என்ன வித்தியாசம்?

நல்ல தையல்காரர் சட்டை தைக்கும்போது உள்பக்கம் கொஞ்சம் துணி விட்டுத் தைப்பார். பிள்ளை வளர்ந்தால் பிரித்துப் பெரிதாக்கலாம். அவர் இல்லாவிட்டால் அடுத்த தெருத் தையல்காரரிடம் கொடுக்கலாம். "இந்தச் சட்டை கிழியாது" என்று அவர் சத்தியம் செய்யவில்லை. கிழிந்தால் தைத்துக்கொள்ள வழி விட்டிருக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம். என் அபிப்பிராயத்தில் அது சின்ன வித்தியாசமல்ல.

இதற்கு ஓர் உதாரணம், நாவலுக்கே ஏற்ற விஷயம், தரவுத்தளங்களின் உலகத்தில் நடந்தது. தரவுத்தளம் என்றால் வேறொன்றுமில்லை. ரேஷன் கடைப் பதிவேடு, பாங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, இவற்றையெல்லாம் கலையாமல் அடுக்கிவைத்துக் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கணக்குப்பிள்ளை. பின்லாந்துக்காரரான மைக்கேல் வைடெனியஸ் தம் தோழர்களுடன் அப்படி ஒன்றைச் செய்து, மூத்த மகள் மை-யின் பெயரை வைத்து மைஎஸ்க்யூஎல் என்று 1995-இல் வெளியிட்டார். 2008-இல் சன் கம்பெனி அதைச் சுமார் நூறு கோடி டாலருக்கு வாங்கியது. 2010 ஜனவரியில் சன் கம்பெனியையே ஆரக்கிள் வாங்கி முடித்தது. ஆரக்கிளின் பெரிய வியாபாரமே தரவுத்தளம்தான். தகப்பனாருக்குக் கவலை வந்துவிட்டது. ஆனால் அந்த நிரல் பொது உரிமத்தில் இருந்தது. ஆகவே அதே மூலத்தை எடுத்து, 2009-இலேயே வேறொரு தரவுத்தளத்தைத் தொடங்கியிருந்தார். இளைய மகள் மரியாவின் பெயரால் அது மரியாடிபி ஆயிற்று.

விற்றுக் காசை வாங்கிக்கொண்டு பிறகு அழலாமா என்று அவரைக் கேட்டவர்களும் உண்டு. கேட்டது நியாயம்தான். ஆனால் வாசகர்கள் கவனிக்கவேண்டியது தகப்பனாரை அல்ல. அதை நம்பிக் கணக்கு எழுதிவைத்திருந்த ஆயிரக்கணக்கான பேர்களை. வீடு கைமாறியபோது குடித்தனக்காரர்கள் தெருவில் நிற்கவில்லை. அதுதான் முக்கியம்.

திறந்தது எல்லாம் புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மென்பொருள் வலைத்தளங்களின் ரகசியங்களைக் காப்பது. 2012-இல் அதற்குள் புகுந்த ஒரு பிழை 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. பாதி உலகம் அதை நம்பியிருந்தது. பராமரித்தவர்களோ மிகச் சிலர். எல்லோரும் பார்க்கலாம் என்ற இடத்தில் யாருமே பார்க்காமல் விடுவது, ஊர்ப் பொதுக்கிணற்றில் நாம் அறிந்ததுதானே? தூர் வார ஆளும் பணமும் வேண்டும். இலவசம் என்று எடுத்துக்கொண்டு போகிற பெரிய கம்பெனிகள் அதற்குக் கொடுக்கவேண்டும்.

கரிசல் சீமையில் எனக்கு ஒரு நண்பர், போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதம் கொடுக்கப் போன ஊர்களிலெல்லாம் சொற்களையும் பொறுக்கி வந்தவர். மழைக்கு எத்தனை பெயர், மண்ணுக்கு எத்தனை பெயர், யார் வாயில் எந்தச் சந்தர்ப்பத்தில் கேட்டது என்று ஒன்பது வருஷம் கணினியில் ஏற்றினார். அன்று கடையில் கிடைத்த ஒரு தரவுத்தள மென்பொருளை வாங்கித்தான் ஏற்றினார். அதைச் செய்த கம்பெனி பிறகு இல்லாமல் போயிற்று. புது லாப்டாப்பில் அந்தக் கோப்பு திறக்கவில்லை. சொல்லித் தந்த கிழவிகளில் பலர் இன்று இல்லை. திரும்பப் போய்க் கேட்க வழியில்லை.

எஞ்சினீயரிங் கல்லூரி மாணவி ஒருத்தி, அவருடைய பேத்தி முறை, இரண்டு மாதம் அந்தக் கோப்போடு மல்லாடினாள். தன்னார்வலர்கள் எழுதி வைத்திருந்த மாற்றி நிரல்களைக் கொண்டு பழைய எழுத்துருக் குழப்பத்தை யூனிகோடாக மாற்றினாள். சொற்கள் பெரும்பாலும் மீண்டன. யார் சொன்னது என்ற பத்தி மட்டும் மீளவில்லை.

"சொல்லு கிடைச்சிட்டுது, சொன்னவ பேரு போயிட்டுதே" என்றார் நண்பர். அதற்கு யார் உத்தரவாதம் தருவார்கள்?

மீண்ட சொற்களை அந்தப் பெண் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தில் வைத்துக் கொடுத்தாள். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-இல் வெளியிட்டது அது. உரிமை எதையும் வைத்துக்கொள்ளாமல் பொதுச் சொத்தாகவே விட்டுவிட்டார். நம் கைப்பேசிகளுக்குள் சத்தமில்லாமல் இருப்பதும் அதுதான். 2050 வரையில் பராமரிப்பதென்று உத்தேசித்திருப்பதாக அதைச் செய்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

காசு வாங்கியவர் பன்னிரண்டு மாதம் சொல்கிறார். வாங்காதவர்கள் 2050 என்கிறார்கள். நண்பரிடம் இதைச் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அதுக்குள்ள எனக்கு நூறு ஆயிருமே, அண்ணாச்சி" என்று சிரித்தார். பிறகு, இன்னும் ஏற்றாத சொற்கள் கொண்ட நோட்டை எடுக்க உள்ளே போனார்.