கூட்டுநாள் கணக்கு

கொம்பனித்தெருவில் நின்றால், பேர வாவியின் மரங்களில் அடைந்திருக்கும் கூழைக்கடாக்களையும் நீர்க்காகங்களையும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கூட எண்ணிவிடலாம். தலைமன்னாருக்கு அப்பால், ஆதாம் பாலத்து மணல் திட்டுகளில் இது நடவாது. அங்கே சின்ன ஆலாவின் கூடு என்பது நெஞ்சை மணலில் அழுத்திச் சுழன்று அது பதித்த ஒரு குழி, அவ்வளவுதான். மணல் நிறத்தில் புள்ளியிட்ட இரண்டு மூன்று முட்டைகள் சிப்பித் துண்டுகளோடு கலந்து கிடக்கும். தேடிப் பிடிப்பதே பெரும்பாடு என்பதால், பிடித்த கூடுகளின் தொகையே சாதனையாக அறிக்கைகளில் ஏறிவிடுகிறது. அந்தத் தொகை நம்மை ஏமாற்றக்கூடியது. முட்டையை இழந்த சோடி பல வேளைகளில் வேறோரிடத்தில் மறுபடியும் இடும். ஆகவே நாயும் காகமும் கடலும் சூறையாடிய ஆண்டில் கூடுகளின் தொகை குறையாமல் கூடவும் செய்யலாம். நம் நாட்டார் பாடலில் வரும் ஆக்காட்டியின் கதைகூட முட்டையிட்ட இடத்தோடு நிற்பதில்லை. குஞ்சுக்கு இரை தேடப்போய்க் கண்ணியில் சிக்கிய தாய்வரை போகிறது. கூடு கண்காணிப்பவரின் குறிப்பேடும் அதுபோல முடிவுவரை போகவேண்டும்.

போனாலும் ஒரு பொறி காத்திருக்கிறது. எடுத்துக்காட்டாக, 20 கூடுகளைக் கண்டோம், 10 அழிந்தன, 10 பொரித்தன என்று வைத்துக்கொள்வோம். பாதி தப்பியது என்று எழுதத் தோன்றும். ஆனால் அவற்றில் பலவற்றை முட்டையிட்டு ஒரு வாரமோ பத்து நாளோ கழிந்த பிறகே கண்டிருப்போம். அதற்கு முன்பே அழிந்த கூடுகள் நம் கண்ணில் பட்டிருக்கவே மாட்டா. அமெரிக்கப் பறவையியலர் ஹெரால்ட் மேஃபீல்ட் 1961இல் இதற்கு எளிய வழி சொன்னார்: கூட்டை எண்ணாமல், கூடு நம் பார்வையில் இருந்த நாட்களை எண்ணுவது. அந்த 20 கூடுகளும் சேர்ந்து 200 கூட்டுநாட்கள் நம் பார்வையில் இருந்திருந்தால், 10 அழிவு என்பது நாளொன்றுக்கு 5 வீதம். சின்ன ஆலா ஏறக்குறைய மூன்று வாரம் அடைகாக்கும். நாளுக்கு 95 வீதமாக 21 நாள் தப்பிப்பிழைக்கும் வாய்ப்பு 34 வீதம்தான்; பாதி என்று நினைத்தது மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. நாளாந்த இழப்பை 5இலிருந்து 3 வீதமாகக் குறைத்தால் அதே வாய்ப்பு 53 வீதத்துக்கு ஏறும். நாளுக்கு இரண்டு வீதம் ஒரு குடியிருப்பின் தலையெழுத்தையே மாற்றுகிறது.

அழிவுக்குக் காரணம் யார் என்பதைக் குழியே சொல்லும், பார்க்கத் தெரிந்தால். குழியின் அடியில் மணலோடு மணலாக மிகச் சிறிய ஓட்டுச் சில்லுகள் கிடந்தால் குஞ்சு பொரித்திருக்கலாம்; பெரிய ஓடுகளைத் தாய்ப்பறவை தூக்கிப்போயிருக்கும். மஞ்சட்கரு காய்ந்து ஒட்டிய பெரிய துண்டு என்றால் எதுவோ தின்றிருக்கிறது. குழியே இல்லாமல் அலைக்கோடு மட்டும் தெரிந்தால் சோளகம் கிளப்பிய கடல் ஏறியிருக்கிறது. எந்த நாளில் பொரிக்கும் என்பதற்கு ஒரு தண்ணீர்ச் சோதனை உண்டு. புதிய முட்டை அடியில் படுத்துக் கிடக்கும். நாளாக ஆக உள்ளே காற்று அறை பெருத்து, முட்டை சாய்ந்து, நிமிர்ந்து, கடைசியில் மிதக்கும்.

நீங்கள் போவதே காகத்துக்கு வழிகாட்டுவதுதானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தாய் எழுந்து பறந்தால் உச்சி வெயிலில் முட்டை வெந்துவிடும் என்பதும் உண்மை. அதனால்தான் கூட்டுநாள் கணக்கு நமக்கு உதவுகிறது. அதற்கு நாள்தோறும் போகத் தேவையில்லை. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, மணல் சூடேறுமுன் போனால் போதும். இரு வருகைகளுக்கிடையில் கூடு அழிந்திருந்தால் நடுநாளை அழிந்த நாளாகக் கொள்ளலாம். அடையாளக் குச்சியைக் கூட்டருகே நடாமல் பத்தடி தள்ளி நடுவது, கூட்டோடு காலடித் தடம் முடிந்துவிடாமல் கடந்து நடப்பது, காகம் கண்ணில் பட்டால் திரும்பிவிடுவது ஆகியவை இந்த வேலையின் ஒழுக்கம். போகாமலே இருப்பதிலும் பாதுகாப்பில்லை. நாய்க்கு நம் அனுமதி தேவையில்லை.

இன்னொரு கேள்வி: எண்ணிக்கொண்டிருப்பதை விட்டு, மனிதரைத் தடுத்துவிட்டால் என்ன? ஆதாம் பாலம் 2015இல் தேசிய பூங்காவாகிவிட்டது. வங்காலை 2008இலேயே சரணாலயமானது. ஆனால் கடல் கொண்டுபோகும் முட்டையை எந்த வேலியும் காக்காது. கழிவு மீனுக்கு வரும் காகம்தான் காரணமென்றால், மீன்வாடியைப் பெயர்ப்பதைவிடக் கழிவைப் புதைப்பது மலிவு. மணல் திட்டுகளை நன்கு அறிந்த கடற்றொழிலாளரைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. எந்த மருந்து என்பதை இழப்பின் காரணம்தான் சொல்லும்.

இந்தக் கணக்கின் அவசரம் அண்மையில் கூடியிருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்ன உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2023இல், இதே போல மணலில் முட்டையிடும் அனுமன் உப்புக்கொத்தியைத் தனி இனமாக நிறுவினர். அதுவரை அது பல நாடுகளில் பரவிய கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளையாகவே எண்ணப்பட்டது. அப்போது இங்கே குறைந்தாலும் உலகக் கணக்கில் தெரிந்திராது. இப்போது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் குறைந்தால் அந்த இனமே குறைகிறது. இன்னொரு காரணமும் உண்டு. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து, பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் குவிந்தன. அத்தகைய நாளில் பறவைகளுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்ல, அதற்கு முந்திய ஆண்டுகளின் நாளாந்த இழப்பு கையில் இருக்கவேண்டும். அந்த எண்ணை நம்பவேண்டுமானால், குறிப்பேட்டில் ‘பொரித்தது’, ‘அழிந்தது’ என்ற நிரல்களோடு ‘தெரியாது’ என்ற நிரலும் வேண்டும். குழியில் சில்லும் இல்லை, கருவும் இல்லை, அலைக்கோடும் இல்லையென்றால் அங்கேதான் எழுதவேண்டும். கடைசியாக முட்டையைக் கண்ட நாள்வரை அந்தக் கூடும் கணக்கில் சேரும். அதற்கு மேல் ஒரு நாளையும் நம் ஆசைக்காகச் சேர்க்கக்கூடாது.