வடகவுஞ்சிக்கு வராத பஸ்

பஸ் என்றதும், தோழியரே, பழனியிலிருந்து வளைவுகளில் மூச்சிரைக்க மலையேறி வரும் பஸ்தான் உங்கள் நினைவுக்கு வரும். எங்களுக்கும் சென்ற டிசம்பர் வரை அப்படித்தான். கம்ப்யூட்டரிலும் பஸ் உண்டு, அதில் ஏறி இறங்குபவை எண்கள் என்று சிஸ்டர் வகுப்பில் சொன்னபோது சிரித்தோம். அந்தப் பஸ்ஸுக்காக நான்கு நாள் காத்துக் கிடந்தபோது சிரிப்பு வரவில்லை.

எங்களில் ஒருத்தியின் வீடு வடகவுஞ்சியில். டிசம்பரில் அங்கே காப்பிப் பழம் பறிப்பார்கள். களத்தில் காயும் பழத்தின் மீது மூடுபனி இறங்கினால் உடனே குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். இல்லாவிடில் பூஞ்சணம் பிடிக்கும், விலை போகாது. பெரியவர்கள் எல்லாரும் தோட்டத்துச் சரிவில் இருக்கும் மதிய வேளையாகப் பார்த்துத்தான் பனி வரும். முந்தின வருடம் மூன்று மூட்டை இப்படிப் போயிற்று. அவளுடைய ஹாஸ்டல் கட்டணத்துக்கென்று வைத்திருந்த காப்பி அது. ஆகவே, காற்றின் ஈரப்பதம் கூடியதும் தோட்டம் வரை கேட்கும்படி மணி அடிக்கும் கருவி ஒன்றைச் செய்வதென்று, அரையாண்டு விடுமுறையில் மூவரும் அங்கே போய் இறங்கினோம்.

கருவியின் மூளை ராஸ்பெரி பை. 2012-இல் இங்கிலாந்தில், பிள்ளைகள் கணினி கற்க வேண்டும் என்ற நோக்கத்தோடு வெளியிட்ட கையடக்கக் கம்ப்யூட்டர். ஈரப்பதம் அளக்க பாஷ் கம்பெனியின் பி.எம்.இ. 280 சென்சார். இரண்டையும் இணைப்பது, பிலிப்ஸ் கம்பெனியார் 1982-இல் உருவாக்கிய ஐ-ஸ்கொயர்-சி என்னும் பஸ். மின்சாரத்துக்கான கம்பிகள் போக, பேசுவதற்கு இரண்டே கம்பிகள். ஒன்று தாளம் போடும், மற்றது அந்தத் தாளத்துக்குச் செய்தி சொல்லும்.

மேசை மேல் சோதித்தபோது சென்சாரின் முகவரியான 76 திரையில் பளிச்சென்று வந்தது. துள்ளிக் குதித்தோம். பிறகு பன்னிரண்டு மீட்டர் கேபிள் இழுத்துச் சென்சாரைக் களத்தில் கட்டினோம். திரையில் வெறும் கோடுகள்!

புரோகிராமைச் சந்தேகித்து மூன்று முறை திருத்தினோம். சென்சாரைச் சந்தேகித்து வேறொன்றை மாட்டினோம். மல்டிமீட்டரால் கம்பிகளைத் தொட்டுப் பார்த்தால் சரியாக 3.3 வோல்ட். அதை நம்பியே இரண்டு நாள் வீணாயிற்று. ஓய்ந்திருக்கும் கம்பியைத்தான் மல்டிமீட்டர் காட்டும், அது பேசும் வேகத்தைக் காட்டாது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

கடைசியில் சிஸ்டருக்குப் போன் செய்தோம். "எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தாதீங்கம்மா. மறுபடி மேசைக்கு வாங்க. ஒண்ணை மட்டும் மாத்திப் பாருங்க" என்றார். ஒரு மீட்டர் கம்பியில் 76 வந்தது, பன்னிரண்டில் வரவில்லை. குற்றவாளி கேபிள்தான்!

இந்தப் பஸ் மணிக்கயிறு போன்றது. பேசுகிறவர் கயிற்றைக் கீழே இழுப்பார், விட்டதும் ஒரு மின்தடை அதை மேலே தூக்கும். கயிறு நீண்டால் கனத்துப்போய் மெல்லத்தான் ஏறும். அந்தக் கனத்துக்கு 400 பிகோஃபாரட் என்று வரம்பே உண்டு. எங்கள் கேபிளோ மீட்டருக்குச் சுமார் 50. போதாக்குறைக்கு, அழகாக இருக்கட்டும் என்று பேசும் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று பின்னிவிட்டிருந்தோம். தாளக் கம்பியின் துடிப்பு பக்கத்துக் கம்பியிலும் தொற்றிச் செய்தியைக் குழப்பியிருக்கிறது. நாங்கள் மிகவும் பெருமைப்பட்டுக்கொண்ட வேலை அந்தப் பின்னல்தான்!

பின்னலைப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒரு கிரவுண்ட் கம்பியோடு முறுக்கினோம். 76 வந்தது, போனது, மறுபடி வந்தது. பிறகு கம்ப்யூட்டரைத் திண்ணைக்கு நகர்த்திக் கேபிளை நான்கு மீட்டராக வெட்டினோம். தாளத்தையும் நொடிக்கு ஒரு லட்சத்திலிருந்து பத்தாயிரமாகக் குறைத்தோம். அதன்பின் போகவே இல்லை.

மறுநாள் மதியம் பறிப்பில் இருந்தபோது மணி அடித்தது. கூடைகளைப் போட்டுவிட்டுச் சரிவில் ஓடினோம். களத்தில் அப்பத்தா தார்ப்பாயின் ஒரு மூலையைத் தனியே இழுத்துக்கொண்டு நின்றார்.

"பனி வர்றது எனக்கு அப்பவே தெரியும்டி. உங்களைக் கூப்பிடத்தான் தொண்டை இல்லை" என்றார்.

மற்ற மூன்று மூலைகளை நாங்கள் பிடித்தோம்.