மன்னிப்போம்

நாம் பிறரை மன்னிப்பது போல் நம்மையும் மன்னிக்கும்படி நாள்தோறும் காலைச் செபத்தில் இறைவனை வேண்டுகிறோம். சொல்வது எளிது, செய்வதோ அரிது.

மத்தியப் பிரதேசத்தில் ஏழை உழவர்களுக்காக உழைத்த கேரளத்துக் கன்னியர் சகோதரி இராணி மரியா, 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்துப் பயணத்தில் குத்திக் கொல்லப்பட்டார். ஏழாண்டுகள் கழித்து, 2002-இல், அவருடைய தங்கை சகோதரி செல்மி பால் சிறைக்குச் சென்று, கொன்றவரின் கையில் ராக்கி கட்டி உடன்பிறப்பாக ஏற்றார். 2006-இல் அவர் விடுதலை பெறவும் அக்குடும்பமே துணை நின்றது.

மன்னிப்பது என்றால் நடந்ததை மறப்பதன்று. தீங்கு செய்தவரை நோக்கி நாமே முதலடி வைப்பதாகும். அம்பத்தூர் பேருந்தில் ஓர் இருக்கைக்காக முகம் திருப்பிக்கொண்ட தோழியிடம் நாளைக் காலை நாமே முதலில் பேசுவோம்.